மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கின் மேலே எழுவர்

போரைப் பாடுவதற்கு நம் முன்னோர் இலக்கணமே வகுத்து வைத்தனர். ஆநிரை கவர்தல் முதல் வாகை சூடுதல் வரை ஒவ்வொரு செயலுக்கும் திணையும் துறையும் உண்டு. பகைவர் நாட்டில் தீ பரவுவதைப் பாடுவதற்குக்கூட வஞ்சித் திணையில் ‘எரிபரந்தெடுத்தல்’ என ஒரு துறையை ஒதுக்கினார் தொல்காப்பியர். ஆனால் அதே மரபில்தான் நெட்டிமையாரின் புறப்பாட்டும் பிறந்தது. அம்பு தொடுக்கும் முன்னர் ஆவும், அந்தணரும், பெண்டிரும், பிணியுற்றோரும், மகப்பேறு இல்லாதோரும் அரண் தேடிச் செல்லட்டும் என்று அறிவித்துவிட்டுப் போரிடும் முதுகுடுமிப் பெருவழுதியை அப்பாடல் வாழ்த்துகிறது. எரித்தலும் எச்சரித்தலும் ஒரே மரபின் இரு முகங்கள். வில்லேந்தியவன் தன் இலக்கைக் கண்ணால் கண்ட காலம் அது.

இருபதாம் நூற்றாண்டில் போர் வானுக்கு ஏறியது. அதுவும் இரவில் ஏறியது. பதினெட்டாயிரம் அடி உயரத்தில், கடுங்குளிரில், தான் எரிக்கும் ஊரைக் காணாமலேயே எரித்துவிட்டுத் திரும்பும் மனிதனுக்கு எந்தத் திணை? எரிப்பவனே எரிந்து விழும் நிகழ்தகவு பாதிக்குப் பாதி என்றால் அவனை மறவன் என்பதா, பலியாள் என்பதா? இவ்வினாக்களை எழுப்பும் மூன்று நூல்களை இம்மாதம் ஆய்வுக்கு எடுத்துக்கொள்கிறோம். பிரித்தானிய விமானி லெனார்டு செஷயர் 1943இல் வெளியிட்ட ‘பாம்பர் பைலட்’, பிரெஞ்சு விமானப்படை அதிகாரி ழூல் ருவா 1946இல் வெளியிட்ட ‘லா வலே எரெஸ்’, இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் 1979இல் வெளியிட்ட ‘டிஸ்டர்பிங் த யூனிவர்ஸ்’ என்னும் தன்வரலாற்றின் ஓர் இயல் ஆகியவையே அவை.

காரைக்காலில் அமர்ந்து இவற்றை ஏன் படிக்க வேண்டும் என்று வாசகர் கேட்கக்கூடும். காரணம் நம் எல்லைக்கோட்டிலேயே இருக்கிறது. அந்நாளில் வாஞ்சூருக்கு இப்பால் பிரெஞ்சுக் கொடி பறந்தது. அப்பால் நாகூர் தொடங்கிச் சென்னை மாகாணம் விரிந்தது. 1940 செப்டம்பரில் ஆளுநர் லூயி பொன்வேன் பிரெஞ்சிந்தியாவைச் ‘சுதந்திர பிரான்சு’ அணியில் சேர்த்தார். அதே போரில், சென்னை மாகாணம் அளித்த போர்நிதியை முன்னிட்டுப் பிரித்தானிய விமானப்படையின் 35ஆம் பிரிவு ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்னும் பெயரைத் தாங்கிற்று. இலங்கையின் கொடையால் 102ஆம் பிரிவு ‘சிலோன்’ எனப் பெயர் பெற்றது. இரண்டுமே இரவில் குண்டு வீசும் பிரிவுகள். பிரெஞ்சு விமானிகளைக் கொண்ட 346, 347ஆம் பிரிவுகள் 1944இல் இங்கிலாந்தின் யார்க் நகருக்கருகே எல்விங்டனில் அமைந்தன. கியேன், துனிசி என்பன அவற்றின் பிரெஞ்சுப் பெயர்கள். சென்னை மாகாணப் பெயர் தாங்கிய பிரிவு போரின் முற்பகுதியில் நிலைகொண்டிருந்த லின்டன் தளமும் அதே யார்க் வட்டாரத்தில்தான் உள்ளது. இரு தரப்பினரும் ஓட்டியவை ஹாலிபாக்ஸ் என்னும் நான்கு பொறி விமானங்களே. வாஞ்சூர்ச் சாவடியின் இரு பக்கமும் வேறு வேறு கொடிகளின் கீழ் இருந்த நம் மக்களின் பெயரும் பணமும் பற்றும் ஒரே வானில் ஒரே வகை விமானத்தில் ஏறிப் பறந்திருக்கின்றன. அவ்விமானங்கள் எங்கே சென்றன, அவற்றில் இருந்தோர்க்கு என்ன நேர்ந்தது, அவை யார்மீது எதைச் சொரிந்தன என்று அறிந்துகொள்ளும் கடமை நமக்கும் உண்டு.

முதலில் அந்த இரவுப் பயணத்தின் இயல்பைச் சொல்லிவிடுவோம். ஹாலிபாக்ஸிலும் லங்காஸ்டரிலும் எழுவர் இருப்பர்: ஓட்டுநர், வழிகாட்டி, குண்டு வீசுபவர், கம்பியில்லாத் தந்தியாளர், பொறியாளர், முதுகுக் கூண்டில் ஒரு துப்பாக்கியாளர், வால் கூண்டில் மற்றொருவர். ஓட்டுநர் ஒருவரே, அவர் சாய்ந்தால் மாற்றில்லை. பல டன் குண்டும், ஆயிரக்கணக்கான லிட்டர் எரிபொருளுமாக விமானம் தரையை விட்டு எழும்பும் அந்த முதல் நிமிடமே ஆபத்து. மேலேறினால் இறக்கைகளில் பனி உறையும். வால் கூண்டில் குளிர் சுழியத்துக்குக் கீழே நாற்பது பாகை வரை செல்லும். இருளில் பகை விமானத்தைத் தெளிவாகக் காண வேண்டுமென்று கூண்டின் கண்ணாடித் தகட்டையே கழற்றிவிட்டுத் திறந்த காற்றில் அமர்ந்தவர்களும் உண்டு. அவரது வான்குடை அவருடன் இராது. கூண்டுக்கு வெளியே உடற்பகுதியில் தொங்கும். விமானம் தீப்பற்றினால் கூண்டைத் திருப்பி, கதவைத் திறந்து, அதை எடுத்துப் பூட்டிக்கொண்ட பின்னரே குதிக்க வேண்டும். அதற்கு எத்தனை நொடி கிடைக்கும் என்பது அவரவர் ஊழ்.

இலக்கை நெருங்கினால் தேடொளிக் கற்றைகள் விமானத்தைக் கவ்விக்கொள்ளும். ஒன்று பிடித்தால் பத்து வந்து சேரும். பீரங்கிக் குண்டுகள் சுற்றிலும் வெடிக்கும். நூற்றுக்கணக்கான விமானங்கள் விளக்கின்றி ஒரே பாதையில் செல்வதால் ஒன்றோடொன்று மோதும். மேலே பறக்கும் தம்மவர் விமானத்தின் குண்டே கீழே பறப்பதன்மேல் விழுவதும் உண்டு. குண்டை விடுத்த பின்னரும் திரும்பிவிட முடியாது. குண்டு விழுந்த இடத்தைப் புகைப்படம் எடுப்பதற்காகச் சில கணங்கள் அசையாமல் நேர்கோட்டில் பறந்தாக வேண்டும். அந்தச் சில கணங்களைப் பற்றி எழுதாத விமானி இல்லை என்றே சொல்லலாம்.

வீடு திரும்புவதும் பாதுகாப்பன்று. 1943 டிசம்பர் 16ஆம் நாள் இரவு பெர்லின் சென்ற லங்காஸ்டர்களில் 25 பகைவரால் வீழ்ந்தன; எஞ்சியவை ஊர் வந்து சேர்ந்தபோது மூடுபனி தரையை மறைத்திருந்தது; தம் நாட்டு வயல்களிலேயே மேலும் 29 நொறுங்கின. 1945 மார்ச்சு 3ஆம் நாள் இரவு செருமன் விமானங்கள் திரும்பி வருவோரைப் பின்தொடர்ந்து இங்கிலாந்துக்கே வந்து, ஓடுபாதை விளக்குகளின் எதிரே தாக்கின. எல்விங்டனின் பிரெஞ்சு விமானங்களும் அதில் சிக்கின. நம் மாகாணத்தின் பெயர் தாங்கிய 35ஆம் பிரிவின் கதையோ இன்னும் கசப்பானது. ஹாலிபாக்ஸ் விமானத்தைப் போருக்கு முதன்முதல் கொண்டு சென்றது அப்பிரிவே. 1941 மார்ச்சு 10ஆம் நாள் இரவு அது சென்ற இலக்கு பிரான்சின் லெ ஆவ்ர் துறைமுகம். திரும்பும் வழியில் ஒரு விமானத்தைப் பகை விமானம் என்றெண்ணி இங்கிலாந்தின் காவல் விமானமே சுட்டு வீழ்த்தியது. நால்வர் மாண்டனர்.

போர் முழுவதிலும் பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் பறந்தவர் ஏறத்தாழ 1,25,000 பேர். அவர்கள் அனைவரும் தாமே விரும்பி அப்பணிக்கு வந்தவர்கள். மாண்டவர் 55,573 பேர். 1944 மார்ச்சு 30ஆம் நாள் நிலவொளியில் நூரம்பர்க் நோக்கிச் சென்ற 795 விமானங்களில் 95 திரும்பவில்லை. ஒரு விமானி முப்பது பயணம் முடித்தால் ஓய்வு. ஒவ்வொரு பயணத்திலும் நூற்றுக்கு நான்கு விமானம் வீழ்கிறது என்று கொண்டால் முப்பதையும் முடிப்பவர் நூற்றுக்கு முப்பது பேர்கூட இரார். பள்ளியில் விழுக்காடு படித்த எவரும் போடக்கூடிய கணக்கு இது. அந்த இளைஞர்களும் போட்டுப் பார்த்திருப்பர்.

இனி நூல்களுக்கு வருவோம்.

செஷயர் 1940இல் ‘சிலோன்’ பிரிவிலும், 1941இல் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ பிரிவிலும் பறந்தவர். அவருடைய நூல் இருபத்தைந்து வயதுக்குட்பட்ட ஒருவர் போரின் நடுவிலேயே எழுதியது. அதன் நடை துள்ளுகிறது. நண்பர்களின் கேலி, விமானத்தின்மேல் காதல், அஞ்சியதை மறைக்கும் வேடிக்கைப் பேச்சு இவையெல்லாம் அதில் நிறைந்துள்ளன. நூலின் முதல் ஆசான் ‘லாஃப்டி’ லாங் என்னும் நியூசிலாந்துக்காரர். கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து ஒவ்வொரு விசையையும் தடவியே அறியும்படி அவர் செஷயரைப் பழக்கினார். வால் கூண்டிலும் உட்கார்ந்து பார்க்கச் செய்தார். தன் கீழ் உள்ளவர் எந்த இருளில் இருக்கிறார் என்று அறியாதவன் தலைவனாகத் தகான் என்பதே அவருடைய பாடம். நூலில் நாம் மிகவும் விரும்பிய பகுதி இது. தச்சுப் பட்டறையிலும் படகுத் துறையிலும் நம் ஊர்ப் பெரியவர்கள் கற்பிக்கும் முறையும் இதுவே அன்றோ!

1940 நவம்பரில் கொலோன் நகர்ப் பக்கம் நிகழ்ந்ததே அந்நூலின் உச்சம். பீரங்கிக் குண்டு தாக்கியதில் ஒளிக்குண்டு ஒன்று விமானத்துக்கு உள்ளேயே வெடித்தது. உடற்பகுதியின் ஒரு பக்கம் பிய்ந்து போயிற்று. தந்தியாளர் டேவிட்சனுக்கு அதுவே முதற் பயணம். முகமும் கண்களும் வெந்த நிலையில் அவர் தம் கருவியை நாடித் தளத்துக்குச் செய்தி அனுப்ப முயன்றார். செஷயர் அந்தக் கூட்டை ஓட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். இதைச் சொல்லுமிடத்தில் அவருடைய துள்ளல் அடங்கிவிடுகிறது. தம் வீரத்தைச் சொல்லாமல் டேவிட்சனின் வலியைச் சொல்வது அவருடைய பெருந்தன்மை.

ஆயினும் இந்நூலின் அடித்தளத்தில் ஒரு நம்பிக்கை கிடக்கிறது: திறமை காப்பாற்றும் என்பதே அது. விமானத்தை முற்றும் அறிந்தவன், தன் குழுவை நேசிப்பவன், பதறாதவன் திரும்பி வருவான். இளைஞர்களுக்கு அது தேவையான நம்பிக்கைதான். படைத்தலைமையும் அதையே ஓதிற்று. 1943இல் வெளியான நூல் வேறெதையும் சொல்லியிருக்கவும் இயலாது. 1941 ஆகத்தில் அரசுக்குள் மறைவாக அளிக்கப்பட்ட ‘பட் அறிக்கை’ புகைப்படங்களை ஆராய்ந்து வேறொன்றைச் சொன்னது. இலக்கைத் தாக்கியதாகக் கூறிய குழுக்களில் மூன்றில் ஒன்றுதான் இலக்குக்கு ஐந்து மைல் தொலைவுக்குள் சென்றிருந்தது. தொழிற்சாலைப் புகை மூடிய ரூர் பள்ளத்தாக்கின்மேல் பத்தில் ஒன்றுதான். டேவிட்சனின் கண்கள் வெந்த அந்தக் காலத்துப் பயணங்களில் பெரும்பாலானவை வெற்று வயல்களில் குண்டைக் கொட்டிவிட்டு வந்தன. அந்த அறிக்கையைப் படித்த பின்னர் ‘பாம்பர் பைல’ட்டைத் திரும்பப் படித்தால் துள்ளும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு துயரம் ஓடுவதை உணர்கிறோம். எழுதியவர் அறியாமலே நூலுக்குள் குடியேறிய துயரம் அது. நாளொரு தியாகம் பாழாய்ப் போகிறது என்னும் இந்த உண்மையிலிருந்துதான், தொழிற்சாலையைத் தாக்க முடியாவிட்டால் நகரையே தாக்குவோம் என்னும் கொள்கை வலுப்பெற்றது என்பதையும் வாசகர் நினைவிற்கொள்ள வேண்டும்.

டைசன் இந்தப் போரில் ஒருமுறைகூடப் பறந்தவரல்லர். 1943இல் பத்தொன்பது வயதில் குண்டுவீச்சுப் படையின் தலைமையகத்தில் எண்களை ஆராயும் பிரிவில் சேர்ந்தார். அனுபவம் முதிர்ந்த குழுவுக்குப் பிழைக்கும் வாய்ப்பு மிகுதி என்று விமானிகளுக்குச் சொல்லப்பட்டது மெய்யா என்று கணக்கிட்டார். போரின் அந்தப் பிற்கட்டத்தில் அது மெய்யன்று என்று விடை கிடைத்தது. முதற் பயணம் போனவனும் இருபத்தைந்தாம் பயணம் போனவனும் ஒரே விழுக்காட்டில் மாண்டனர். அதன் காரணம் பின்னரே முழுதும் விளங்கிற்று. செருமானியர் தம் விமானத்தின் முதுகில் மேல்நோக்கிச் சுடும் பீரங்கிகளைப் பொருத்தி, குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றுக்கு அடியில், எவர் கண்ணும் எட்டாத இடத்தில் வந்து நின்று சுட்டனர். எழுவரில் ஒருவரும் அடியில் பார்க்க இயலாது. திறமைக்கு அங்கு இடமே இல்லை.

டைசன் கண்ட இன்னொரு கணக்கு நம்மை உறங்கவிடாதது. வீழ்த்தப்பட்ட ஹாலிபாக்ஸிலிருந்து ஏறத்தாழ நால்வரில் ஒருவர் உயிர் தப்பினார். புதியதும் சிறந்ததும் எனப் போற்றப்பட்ட லங்காஸ்டரிலிருந்து தப்பியவர் நூற்றுக்குப் பதினைந்து பேரே. காரணம், தப்பிக்கும் வாயிலின் அகலம். ஹாலிபாக்ஸில் 24 அங்குலம். லங்காஸ்டரில் 22 அங்குலம். தடித்த உடையும் வான்குடையும் அணிந்து, சுழன்று வீழும் விமானத்தில், இருளில் அந்த இரண்டு அங்குலம் கிடைக்காமல் பல்லாயிரவர் மடிந்தனர் என்பது டைசனின் மதிப்பீடு. வாயிலைப் பெரிதாக்க அவருடைய பணித்தோழர் ஒருவர் ஓயாமல் மன்றாடினார். காகிதங்கள் மேசைக்கு மேசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே போர் முடிவை நெருங்கிவிட்டது. இரவுப் போரின் ஆபத்துகளைப் பீரங்கி, பனி, தேடொளி என்று பட்டியலிடுவோர் அலுவலகத்தையும் அதில் சேர்க்க வேண்டும்.

இந்த இயலுக்கு டைசன் ‘சிறுவர் சிலுவைப்போர்’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். போரின் தொடக்கத்தில் வன்முறையையே மறுத்தவர் தாம் என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் ஒவ்வோர் அடி பின்வாங்கி, இறுதியில் நிற்பதற்கு அறத்தின் தரையே இல்லாமல் போயிற்று என்றும் அவர் அதில் சொல்கிறார். பறந்தவர்கள் எழுதிய நூல்களில் நாம் காணாத ஒரு நேர்மை இது. மேசையில் இருந்தவர் உடலால் ஆபத்தை அறியாததால், அச்சத்தின் பின்னே ஒளிந்துகொள்ள அவருக்கு வழியில்லை. அச்சம் விமானிக்கு ஒருவகை மன்னிப்பை அளிக்கிறது. இன்றிரவு சாகப்போகிறவனிடம் அவன் குண்டைப் பற்றி எவர் கேட்பர்?

ழூல் ருவாவின் நூல் இவ்விரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நம் கருத்தில் இரண்டினும் உயர்ந்து நிற்கிறது. அல்சீரியாவில் 1907இல் பிறந்து, குருமடத்தில் பயின்று, பின்னர்ப் படைவீரரானவர் அவர். 1940இன் தோல்விக்குப் பின் பெத்தேனின் பக்கம் சாய்ந்தவர்; அதை மறைக்காமல் பின்னாளில் ஒப்புக்கொண்டவர். எல்விங்டனில் குண்டு வீசும் பணியை ஏற்ற அதிகாரியாகக் கியேன் பிரிவில் பறந்தபோது அவருக்கு வயது முப்பத்தேழு. உடன் பறந்தோரில் பலர் அவருக்குத் தம்பியர் வயதினர். நூலின் நாயகன் செவ்ரியே அவருடைய நிழலே. ரூர் பள்ளத்தாக்கைப் பிரித்தானிய விமானிகள் கசப்போடு ‘மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு’ என்று கூப்பிட்டனர். நூலுக்கும் அதுவே பெயர். 1946இல் ரெனோதோ பரிசை அந்நூல் பெற்றது.

ருவாவிடம் துள்ளல் இல்லை. காத்திருப்பு இருக்கிறது. இன்று பயணம் உண்டா இல்லையா என்று காத்திருத்தல். திரும்பாதவர்களின் வெற்றிருக்கையைப் பார்த்துக்கொண்டு உண்ணுதல். அச்சம் வயிற்றில் வந்து அமர்வதை ஒரு நோயாளி தன் நோயைக் கவனிப்பதுபோல் கவனித்தல். அவர் இருந்த பிரிவு 1944 நவம்பர் 4ஆம் நாள் இரவு போஹும் நகர்மேல் சென்றபோது 16 விமானங்களில் 5 திரும்பவில்லை. ஓர் இரவில் முப்பத்தைந்து இருக்கைகள். இத்தகைய இரவுகளைக் கண்டவருக்குத் திறமையின்மேல் நம்பிக்கை எப்படி நிலைக்கும்? செஷயர் எழுதியது திறமையின் காலம். ருவா எழுதியது ஊழின் காலம். இருவருக்கும் நடை மாறுபடுவதற்குக் குணம் மட்டும் காரணமன்று, டைசனின் கணக்கும் காரணம் என்பது நம் துணிபு.

இதிலிருந்துதான் ருவாவின் உயர்வு பிறக்கிறது. திறமை காக்கும் என்று நம்புகிறவன் கீழே இருப்பவனிலிருந்து வேறானவன். அவன் தன் உயிரைத் தானே ஓட்டுகிறான். ஊழே காக்கும் என்று உணர்ந்தவனோ, நிலவறையில் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு அடுத்த வெடிக்குக் காத்திருக்கும் தாயின் நிலைக்கு அருகே வந்துவிடுகிறான். இருவருக்கும் மேலே இருள். இருவருக்கும் செய்வதற்கு ஒன்றுமில்லை. இந்த நெருக்கத்தை ருவா முழுதும் எழுதினார் என்று சொல்லமாட்டோம். அவருடைய நூலிலும் நகரம் பெரும்பாலும் தொலைவில் எரியும் ஒளியாகவே இருக்கிறது. இது அந்த நூலின் குறை. ஆனால் அந்த ஒளியைக் கண்டு அவருடைய நாயகன் களிப்பதில்லை. தலைப்பிலேயே பொதிந்த கசப்பு வாசகரை விட்டு விலகுவதும் இல்லை. அதோடு, எல்விங்டனின் பிரெஞ்சுக் குழுக்கள் முதன்முதல் குண்டு வீசியது செருமனியில் அன்று. 1944 ஜூனில் தம் சொந்த நோர்மாந்தியின் கடற்கரையில்தான். தன் நாட்டை மீட்கத் தன் நாட்டின்மேலேயே குண்டு வீசியவர்களுக்கு, ‘கீழே இருப்பவர் பகைவர்’ என்னும் சொல் அவ்வளவு எளிதாக வாயில் வராது.

கீழே இருந்தவர்களைப் பற்றி அக்காலத்தில் எவரும் பேசவில்லை என்பது பொய். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் எழுந்த தீப்புயலும் பிற தாக்குதல்களுமாக ஒரு வாரத்தில் ஏறக்குறைய நாற்பதாயிரம் மக்கள் மாண்டனர். 1944 பிப்ரவரியில் ஆங்கிலிக்கன் ஆயர் ஜார்ஜ் பெல் பிரபுக்கள் அவையில் எழுந்து, நகரங்களை அழிப்பது எந்த நீதியில் அடங்கும் என்று வினவினார். அதே ஆண்டில் இயேசு சபைக் குரு ஜான் ஃபோர்டு அமெரிக்க இறையியல் ஏடு ஒன்றில், படையினரல்லாத மக்கள் யார் யார் என்று தொழில் வாரியாகப் பட்டியலிட்டு, அவர்களைக் குறிவைப்பது நீதியான போர் ஆகாது என்று நிறுவினார். நெட்டிமையாரின் பட்டியலுக்கு இரண்டாயிரம் ஆண்டுக்குப் பின் எழுந்த எதிரொலி அது. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நகரங்களை மக்களோடு சேர்த்து அழிக்கும் செயலைக் குற்றம் எனத் தீர்த்தபோது, ஃபோர்டின் வாதம் வேர்விட்டிருந்த நிலத்திலேயே நின்றது.

விமானத்தில் ஏற மறுத்தவர்க்குப் படை அளித்த பெயரும் எண்ணத்தக்கது. அவருடைய ஏட்டில் ‘ஒழுக்க உரம் இல்லாதவர்’ என்று எழுதப்படும், தகுதி பறிக்கப்படும். உடல் நடுங்கி மறுத்தவனுக்கும் உள்ளம் கூசி மறுத்தவனுக்கும் ஒரே முத்திரைதான். அச்சத்துக்கு ‘ஒழுக்கக் குறை’ என்று பெயரிட்ட அதே படையில், நகரை எரிப்பதற்கு அந்தச் சொல் ஒருமுறைகூடப் பயன்படவில்லை. செஷயரும் தளபதியாக இருந்தபோது இவ்வாறு மறுத்தவர்களைத் தயக்கமின்றி வெளியேற்றியவர்தாம். தாம் கடுமை காட்டியதைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். ‘பாம்பர் பைல’ட்டின் கனிவைப் போற்றுவோர் இதையும் அறிந்து போற்ற வேண்டும்.

நம் கரைக்கு இது ஏட்டுச் செய்தியன்று. 1942 ஏப்ரலில் சப்பானிய விமானங்கள் கொழும்பையும் திரிகோணமலையையும் விசாகப்பட்டினத்தையும் காக்கிநாடாவையும் தாக்கின. சென்னை நகரமே வெறிச்சோடியது. அதைவிட அண்மைக் காயம் பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிறது. 1995 ஜூலை 9ஆம் நாள் யாழ்ப்பாணத்து நவாலியில், போருக்கு அஞ்சிப் புனித பேதுரு ஆலயத்தில் அடைக்கலம் புகுந்திருந்த மக்கள்மேல் இலங்கை விமானப்படையின் குண்டுகள் விழுந்தன. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நவாலியின் மக்கள் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவற்றைப் படித்திருக்கிறோம். மேலே இருந்தவரின் நூல் எதுவும் நம் கைக்கு வந்ததில்லை. வந்தால் அதில் அவருடைய அச்சம் எவ்வளவு மெய்யாக எழுதப்பட்டிருந்தாலும், ஆலயத்துக்கு எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறார் என்றுதானே முதலில் எண்ணிப் பார்ப்போம்? கொலோனுக்கும் போஹுமுக்கும் உரியவர்கள் செஷயரையும் ருவாவையும் அவ்வாறே படிப்பர். அவர்களுடைய கண்ணோடும் ஒருமுறை படிக்காமல் இந்நூல்களைப் புகழ நமக்கு உரிமையில்லை. அதே வேளையில், அச்சத்தைப் படிக்காமல் பழி சுமத்தவும் உரிமையில்லை. இருபத்திரண்டு அங்குல வாயிலில் சிக்கிக்கொண்ட இருபது வயதுப் பையனைத் தாண்டிச் சென்று நீதி பேச இயலாது.

செஷயரின் பிற்கால வாழ்வைச் சொல்லி இந்த முரணை எளிதில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. நூறு பயணங்களுக்கு மேல் பறந்து விக்டோரியா சிலுவை பெற்றவர். 1945 ஆகத்து 9ஆம் நாள் நாகசாகியின்மேல் எழுந்த புகையை விமானத்திலிருந்து பார்வையாளராகக் கண்டவர். 1948இல் இறக்கும் தறுவாயில் இருந்த முன்னாள் விமானப்படை வீரர் ஒருவரைத் தம் வீட்டில் வைத்துப் பேணி, அதே ஆண்டின் கிறிஸ்து பிறப்பு முன்னிரவில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தவர். உடல் முடங்கியோர்க்கு இல்லங்கள் நிறுவியவர். இந்தியாவிலும் அவற்றை நிறுவி, 1959இல் பம்பாய்ப் பேராலயத்தில் சூ ரைடரை மணந்தவர். குண்டு வீசியவர் கழுவாய் தேடினார் என்று மறையுரைகளில் கேட்கிறோம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் செஷயர் அவ்வாறு சொல்லவில்லை. 1985இல் வெளியிட்ட நூலிலும் அப்போர் தேவையாயிருந்தது என்றும், அணுகுண்டு போரை முடித்து உயிர்களைக் காத்தது என்றும் வாதிட்டார். 1992இல் இறக்கும் வரை அதில் மாறவில்லை. அவருடைய அன்புப் பணியைக் கழுவாயாக்கினால் அவர் சொல்லாததை அவர் வாயில் வைத்தவர்களாவோம். மேலும், எரிந்தவர்களின் கணக்கை அவர்களைக் கேட்காமலே நாம் தீர்த்தவர்களாவோம். அவருடன் உடன்படாமலே அவருடைய இல்லத்தில் ஒரு நோயாளியின் கட்டிலருகே அமர முடியும். ருவாவுக்கோ வேறொரு முடிவு வாய்த்தது. இந்தோசீனப் போரை ஏற்க முடியாமல் 1953இல் அவர் படைப்பணியையே துறந்தார். அப்போரில் பணியாற்றிய பிரெஞ்சிந்தியத் தமிழரின் குடும்பங்கள் காரைக்காலிலும் புதுவையிலும் இருக்கின்றன. அவர்களுக்கு அந்தத் துறப்பின் விலை தெரியும்.

மூன்றில் ஒன்றைத் தமிழாக்க வேண்டுமெனில் ருவாவையே முதலில் பரிந்துரைப்போம். பிரெஞ்சைப் பள்ளிப் பருவத்திலிருந்தே கற்றவர்கள் காரைக்காலில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முன்வரலாம். பொறிகளின் பெயர்களும் கருவிகளின் பெயர்களும் இடர் தரும். துப்பாக்கிக் கூண்டு, தேடொளி, வான்குடை என்று சொற்களைத் தேடி அமைத்துக்கொள்ளலாம். ‘மகிழ்ச்சிப் பள்ளத்தாக்கு’ என்னும் தலைப்பைப் பார்த்துப் பதிப்பாளர் சுற்றுலா நூல் என்று மயங்கக்கூடும். மயங்கினாலும் அதை மாற்றாமல் அச்சிட வேண்டும்.